சினையும் இல்லை, பாலும் இல்லை: சிறு ஆட்டுக்கு எவ்வளவு தீவனம் போதும்?

ஆடு வளர்க்கத் தொடங்குபவர்களுக்குக் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி சினை ஆட்டைப் பற்றியும் பால் கொடுக்கும் ஆட்டைப் பற்றியும் வளரும் குட்டியைப் பற்றியும்தான் இருக்கும். ஆனால் பெகு, ரங்கூன் வட்டாரங்களிலும் ஐராவதி முகத்துவாரத்திலும் நெல் வயலை ஒட்டி வாழும் நம் குடும்பங்களின் கொட்டிலில் ஆண்டின் பல மாதங்கள் நிற்பவை வேறு வகை ஆடுகள்: குட்டியைப் பால்குடி மறக்கச் செய்துவிட்டு அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கும் பெட்டை, சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாய், காயடித்து வளர்க்கும் கிடாய், இனச்சேர்க்கைக் காலம் முடிந்து ஓய்ந்திருக்கும் பொலிகிடாய். இவற்றின் உடல் இப்போது எதையும் புதிதாக உண்டாக்க வேண்டியதில்லை. இருக்கும் எடை குறையாமலும் தேவையின்றிக் கூடாமலும் நின்றால் போதும். இந்த நிலைக்குப் போடும் தீவனத்தை உடல் பராமரிப்புத் தீவனம் என்பார்கள். அதன் அளவு நாம் நினைப்பதைவிடக் குறைவு. தவிட்டிலும் சோற்றிலும் இருந்து அதைக் கொடுப்பதைவிட, தழையிலும் கொடியிலும் இருந்து கொடுப்பதே ஆட்டுக்கும் நல்லது, நம் கைப்பணத்துக்கும் நல்லது.

அளவு சொல்வதற்கு முன் ஆட்டின் எடை தெரிந்திருக்க வேண்டும். பர்மாவில் நாம் வைத்திருக்கும் சிற்றின ஆடுகள் முழு வளர்ச்சி அடைந்த பிறகும் பெரும்பாலும் 20 முதல் 30 கிலோவுக்குள், அதாவது சுமார் 12 முதல் 18 வீசைக்குள் நிற்பவை. தராசில் ஏற்ற வழியில்லாவிட்டால் தையல்காரர் நாடா போதும். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றி எத்தனை அங்குலம் என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு தோள்பட்டையின் முன்முனையிலிருந்து பிட்டத்து எலும்பின் பின்முனை வரை உடல் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, வரும் விடையை உடல் நீளத்தால் பெருக்கி, 300ஆல் வகுத்தால் எடை பவுண்டில் கிடைக்கும். மார்பு 24 அங்குலமும் நீளம் 22 அங்குலமும் உள்ள ஆட்டுக்கு இக்கணக்கு 42 பவுண்டு தரும். அது 19 கிலோவைச் சற்றே தாண்டும். நம் அளவில் ஏறக்குறைய 11¾ வீசை. வயிறு நிறையத் தின்ற மாலையில் அளப்பதைவிடக் காலையில் தீவனம் போடுவதற்கு முன் அளப்பது நம்பகமானது.

சிறிய ஆடு என்பதால் பெரிய ஆட்டுக்கான அளவை எடைக்கு ஏற்பக் குறைத்துக்கொண்டால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியல்ல. உடல் சிறுக்கச் சிறுக்க, ஒவ்வொரு கிலோ எடைக்கும் செலவாகும் ஆற்றல் கூடிக்கொண்டே போகிறது. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 1981இல் வெளியிட்ட ஆட்டுத் தீவன அட்டவணைகளின் அடிப்படையில் கணக்கிட்டால், நடமாட்டம் மிகக் குறைவாக உள்ள 20 கிலோ ஆட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 955 கிலோகலோரி ஆற்றல் தேவை. 60 கிலோ எடையுள்ள அயல்நாட்டு ஆட்டுக்குத் தேவைப்படுவது சுமார் 2180 கிலோகலோரி. எடை மூன்று மடங்கு. தேவையோ இரண்டேகால் மடங்கைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். ஒரு கிலோ உடல் எடைக்கு என்று பார்த்தால், சிறிய ஆட்டுக்கு 48 கிலோகலோரியும் பெரிய ஆட்டுக்கு 36 கிலோகலோரியும் வேண்டியிருக்கிறது. ஆகவே பெரிய இனங்களுக்கு எழுதப்பட்ட அட்டவணையை எடுத்து எடை விகிதத்தில் குறைத்துப் போடுபவரின் சிறு ஆடு அரைப்பட்டினியாகவே நிற்கும்.

மேலே சொன்ன 955 என்பது கொட்டிலிலேயே நிற்கும் ஆட்டுக்கானது. பக்கத்து வரப்பில் சிறிது நேரம் மேய்ந்து வரும் ஆட்டுக்கு அதே அட்டவணை 25 விழுக்காடு கூட்டச் சொல்கிறது. மேடு பள்ளமான வறண்ட நிலத்தில் மேய்ந்தால் 50 விழுக்காடும், புல் அருகிக் கிடக்கும் இடத்தில் நெடுந்தூரம் நடந்து தின்றால் 75 விழுக்காடும் கூட்ட வேண்டும். மாண்டலே, மாக்வே, சகாயிங் பகுதிகளை உள்ளடக்கிய நடு பர்மாவின் வறண்ட மண்டலத்தில்தான் இந்நாட்டு ஆடுகளில் பெரும்பாலானவை இருக்கின்றன. அவை நாளெல்லாம் நடந்து மேய்பவை. அந்த ஊர் வளர்ப்பு முறையைக் கண்டு வந்து, வீட்டுக் கொல்லையில் கட்டிப்போட்டிருக்கும் ஆட்டுக்கு அதே அளவு தீவனம் போட்டால் மிச்சமெல்லாம் கொழுப்பாகும்.

உலர் பொருள் என்னும் கணக்கு

தீவனக் கணக்கில் புதியவர்களைக் குழப்புவது நீர்தான். மழைக்காலத்து இளம்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். மரத்தழையில் ஏறத்தாழ 70 விழுக்காடு தண்ணீர். வைக்கோலிலும் உளுந்துக் கொடியிலும் பத்தில் ஒரு பங்கே தண்ணீர். இத்தண்ணீரைக் கழித்த பின் எஞ்சுவதையே உலர் பொருள் என்கிறோம். சினையும் கறவையும் இல்லாத சிறு ஆடு நாளொன்றுக்குத் தன் எடையில் இரண்டரை முதல் மூன்று விழுக்காடு உலர் பொருள் தின்றால் போதுமானது. 20 கிலோ ஆட்டுக்கு அது 500 முதல் 600 கிராம். இந்த 500 கிராம் இளம்புல்லாகப் போக வேண்டுமானால் இரண்டரை கிலோ, அதாவது ஒன்றரை வீசை அறுத்து வர வேண்டும். மரத்தழையாக இருந்தால் ஒரு வீசையைச் சற்றே தாண்டினால் போதும். காய்ந்த கொடியாக இருந்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு வீசை போதும். முகத்துவாரத்து ஓடைகளில் அள்ள அள்ளக் கிடைக்கும் ஆகாயத் தாமரையையும் வாழைத்தண்டையும் மட்டும் போட்டு ஆட்டை நிறுத்திவைக்க முடியாததற்குக் காரணமும் இதுதான். அவற்றில் பத்தில் ஒன்பது பங்குக்குமேல் தண்ணீர். தேவையான உலர் பொருள் சேர்வதற்குள் வயிறு நிரம்பிவிடும்.

இந்த உலர் பொருளில் புரதம் எவ்வளவு இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. ஆட்டின் பெருவயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நாரைச் செரிப்பவை அவைதாம், ஆடு தானாகச் செரிப்பதில்லை. தீவனத்தில் புரதம் ஏழு விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் அந்நுண்ணுயிர்கள் பெருக முடியாமல் சோர்ந்துபோகும். நார் செரிக்காமல் நெடுநேரம் வயிற்றிலேயே கிடக்கும். கிடப்பது வெளியேறாததால் ஆட்டுக்கு மேலும் தின்னத் தோன்றாது. வயிறு புடைத்திருக்க, முதுகெலும்பு துருத்தி நிற்கும் ஆடுகளைக் கோடையில் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்குத் தீவனம் கிடைக்காமல் இல்லை. கிடைத்த தீவனத்தில் புரதம் இல்லை. ஏழு முதல் எட்டு விழுக்காடு புரதம் இருந்தால் பராமரிப்பு நிலையில் உள்ள ஆட்டுக்கு அது போதும். 20 கிலோ ஆட்டுக்கு நாளுக்குச் சுமார் 40 கிராம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது வைக்கோலைப் பார்ப்போம். நெல் விளையும் நாட்டில் இருப்பதால் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. மாடு அதைத் தின்று காலம் தள்ளுவதால் ஆடும் தள்ளிவிடும் என்று எதிர்பார்ப்பதும் இயல்பே. ஆனால் வைக்கோலில் உள்ள புரதம் மூன்று முதல் ஐந்து விழுக்காடு மட்டுமே. அதன் சிலிக்காவும் கடினமான நாரும் செரிமானத்தைக் குறைக்கின்றன. இவை போதாதென்று, ஆடு பொறுக்கித் தின்னும் விலங்கு. மெல்லிய, அசையும் மேலுதட்டால் இலையை மட்டும் கிள்ளி எடுத்துத் தண்டை ஒதுக்கப் பழகிய விலங்கின் முன் வெறும் வைக்கோலைப் போட்டால், 20 கிலோ ஆடு மிஞ்சிப்போனால் 300 அல்லது 400 கிராம் தின்னும். அதிலிருந்து கிடைக்கும் ஆற்றல் தேவையில் பாதியளவு. புரதம் மூன்றில் ஒரு பங்குதான். வைக்கோலை வயிற்றை நிரப்பும் துணைத் தீவனமாக வைத்துக்கொள்ளலாம். அதையே முழுத் தீவனமாக்கக் கூடாது. வைக்கோலை யூரியா தெளித்துப் பதப்படுத்தும் முறை மாட்டுக்குப் பயன்படுகிறது. ஓரிரு ஆடு வைத்திருக்கும் தொடக்கக்காரருக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. யூரியா அளவு தவறினால் நஞ்சு, அந்தத் துணிவை எடுக்கும் அளவுக்கு இங்கே தழைக்குத் தட்டுப்பாடும் இல்லை.

நம் கொல்லையிலும் வயலிலும் கிடைப்பவை

கீழ்ப் பர்மாவில் ஆடு வைத்திருப்பவருக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு நெல்லுக்குப் பின் போடும் உளுந்தும் பாசிப்பயறும் ஆகும். இந்தியச் சந்தைக்காக விளைவிக்கப்படும் உளுந்து, மாசி வாக்கில் அறுத்துத் தட்டியபின் கொடியையும் நெற்றுத் தோலையும் களத்தில் விட்டுச் செல்கிறது. பலர் அதைக் கொளுத்திவிடுகிறார்கள் அல்லது அப்படியே மட்கவிடுகிறார்கள். காய்ந்த உளுந்துக் கொடியில் புரதம் ஏறத்தாழ பத்து விழுக்காடு இருக்கும். அது ஒன்றே பராமரிப்பு நிலைக்குப் போதுமான செறிவு. வேர்க்கடலைக் கொடியும் அதற்குச் சற்றும் குறைந்ததல்ல. இலை உதிராமல் காலைப் பனி ஈரத்திலேயே வாரி, நிழலில் உலர்த்தி, மழை படாத பரணில் அடுக்கிவைத்தால் பங்குனி, சித்திரை முழுவதும் கவலையில்லை. கொடியின் சத்து இலையில்தான் இருக்கிறது. வெயிலில் மொறமொறவென்று காய்ந்த பிறகு வாரினால் இலையெல்லாம் களத்தில் தங்கிவிடும், வீட்டுக்கு வருவது குச்சி மட்டுமே.

அடுத்தது வேலி மரங்கள். சவுண்டல் என்றும் சூபாபுல் என்றும் நாம் சொல்லும் மரத்தின் தழையில் உலர் பொருள் அளவில் 20 முதல் 25 விழுக்காடு புரதம் இருக்கிறது. அகத்தியும் அதற்கு நிகரானது. பலா இலை புரதத்தில் நடுத்தரமானது என்றாலும் ஆடுகள் அதை விரும்பித் தின்பது எல்லோருக்கும் தெரியும். சவுண்டலில் ஒரு கவனம் தேவை. அதில் உள்ள மைமோசின் என்னும் பொருள் அளவு மீறினால் முடி உதிர்வையும் தைராய்டுச் சுரப்பி வீக்கத்தையும் உண்டாக்கும். இதற்கு ஒரு சுவையான பின்கதை உண்டு. ஆஸ்திரேலியாவில் சவுண்டல் தின்ற கால்நடைகள் நோயுற, ஹவாய்த் தீவு ஆடுகளோ அதையே தின்று நலமாக இருந்தன. காரணத்தைத் தேடியபோது ஹவாய் ஆடுகளின் பெருவயிற்றில் அந்நஞ்சைச் சிதைக்கும் நுண்ணுயிர் ஒன்று வாழ்வது தெரியவந்தது. அந்த ஆடுகளின் பெருவயிற்று நீரை எடுத்து ஆஸ்திரேலிய விலங்குகளுக்குச் செலுத்தியபோது அவற்றுக்கும் அந்நஞ்சைத் தாங்கும் சக்தி வந்தது. அந்த நுண்ணுயிருக்கு 1992இல் சினர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை என்று பெயரிட்டார்கள். நம் வீட்டு ஆட்டின் வயிற்றில் அது இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து அறிய வழியில்லை. ஆகவே சவுண்டலை மொத்த உலர் பொருளில் மூன்றில் ஒரு பங்குக்குள் நிறுத்திக்கொள்வதும், பிற தழைகளோடு கலந்து போடுவதும் பாதுகாப்பானது. அந்த அளவே ஆட்டின் புரதத் தேவை முழுவதையும் தந்துவிடும் என்பதால் அதற்குமேல் போட வேண்டிய அவசியமும் இல்லை.

இவற்றைச் சேர்த்து ஒரு நாளுக்கான அளவைக் காட்டுகிறேன். எல்லாம் 20 கிலோ ஆட்டுக்கானவை. மழைக்காலத்தில் அறுத்து வாடவிட்ட புல் ஒன்றரை கிலோவும் பலா முதலிய கலப்புத் தழை 700 கிராமும் போட்டால் உலர் பொருள் சுமார் 500 கிராமும் புரதம் 50 கிராமும் கிடைக்கும். கோடையில் உளுந்துக் கொடி 300 கிராம், வைக்கோல் 150 கிராம், சவுண்டல் அல்லது அகத்தித் தழை 400 கிராம் போட்டால் உலர் பொருள் 525 கிராமும் புரதம் 55 கிராமும் சேர்ந்துவிடும். இரண்டிலும் தவிடு இல்லை, பிண்ணாக்கு இல்லை, விலை கொடுத்து வாங்கியது எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆடு தண்டை ஒதுக்கும் என்பதால் மேலே சொன்ன அளவுக்குமேல் ஆறில் ஒரு பங்கு கூடுதலாகப் போட்டு, ஒதுக்கியதை மறுநாள் அள்ளிவிட வேண்டும். தழையைத் தரையில் கொட்டாமல் கட்டாகக் கட்டி, ஆட்டின் முகத்துக்குச் சற்று மேலே தொங்கவிடுங்கள். அது முதலில் கொழுந்தையும் இலையையும் உருவும், பிறகு இளம்பட்டையைக் கடித்து உரிக்கும், கடைசியாகக் குச்சியை விட்டுவிட்டு அசைபோடப் படுத்துவிடும். தரையில் கிடந்து மூத்திரம் பட்டுவிட்டால் எவ்வளவு நல்ல தழையானாலும் அது முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும்.

வைகாசி முதல் ஐப்பசி வரை கொட்டும் மழையில் புல்லுக்குக் குறைவில்லை என்றாலும், அதுதான் பராமரிப்பு நிலை ஆடுகள் இளைக்கும் காலமாகவும் இருக்கிறது. முதற்காரணம் ஆடு நனைய விரும்பாமல் கொட்டிலை விட்டு இறங்காதது. இரண்டாவது, அறுத்து வரும் புல்லில் நீர் மிகுதி. மூன்றாவது, ஈரமான தாழ்ந்த புல்லில் ஏறி நிற்கும் குடற்புழுவின் இளம்பருவங்கள். காலையில் பனியும் மழையும் படிந்த புல்லில் மேயவிடாமல், அறுத்து வந்து அரை நாள் வாடவிட்டுப் போடுவதால் புழுத்தொல்லை முற்றிலும் நீங்கிவிடாது என்றாலும், நீர் குறைந்து ஆடு அதிக உலர் பொருள் தின்ன வழி பிறக்கும். தீவனம் குறையில்லாமல் போட்டும் ஆடு இளைத்து, கண்ணின் உள்ளிமை வெளுத்து, தாடைக்கடியில் வீக்கம் கண்டால் அங்கே தேவை புழு மருந்து; தீவனத்தைக் கூட்டிப் பயனில்லை.

தவிடும் சோறும்

தவிடு, பிண்ணாக்கு போன்ற அடர் தீவனம் அறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தழையும் கொடியும் தீர்ந்து வைக்கோல் மட்டுமே எஞ்சும் நாட்கள் வரும். அப்போது 350 கிராம் வைக்கோலோடு 150 கிராம் நெல் தவிடும் 50 கிராம் கடலைப் பிண்ணாக்கும் சேர்த்தால் 20 கிலோ ஆட்டின் தேவை நிறைவேறும். எள்ளுப் பிண்ணாக்கும் அதே வேலையைச் செய்யும். பால் டின்னில் மொண்டு போடும் பழக்கம் உள்ளவர்கள், ஒரு டின் தவிடு எத்தனை கிராம் என்று ஒருமுறை நிறுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. அரிசிக்கும் தவிட்டுக்கும் எடை பெரிதும் மாறும். மழைக்காலத்தில் பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கை, உடைத்து வெயிலில் காயவைத்தாலும், போடக் கூடாது. அதில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் நஞ்சு வெயிலுக்குப் போகாது. அது கல்லீரலைத் தாக்கும். தவிட்டில் எண்ணெய்ச் சத்து மிகுதியாக இருப்பதால் சில நாட்களிலேயே சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். ஆகையால் ஆலையிலிருந்து மூட்டையாக வாங்கி அடுக்காமல் சிறிது சிறிதாக வாங்குங்கள்.

காயடித்த கிடாய் வைத்திருப்பவர்கள் தவிட்டைப் பற்றி இன்னும் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆட்டின் தீவனத்தில் பாஸ்பரசைப் போல இரு மடங்கு கால்சியம் இருக்க வேண்டும். நெல் தவிட்டில் நிலைமை தலைகீழ்: பாஸ்பரஸ் ஒன்றரை விழுக்காட்டுக்கு அருகில், கால்சியமோ மிகச் சொற்பம். நாள்தோறும் தவிடு தின்னும் கிடாயின் சிறுநீரில் மிகுதியான பாஸ்பரஸ் மணல்போலப் படிந்து கல்லாகிறது. பெட்டை ஆட்டின் சிறுநீர்ப் பாதை அகலமானது, கல் வெளியேறிவிடும். கிடாயின் பாதை நீண்டு, குறுகி, வளைந்து செல்வது. அதிலும் குட்டியாக இருக்கும்போதே காயடித்த கிடாயில் அது மேலும் குறுகலாக நின்றுவிடுகிறது. கிடாய் முதுகை வளைத்து, வாலை ஆட்டி, முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் விட்டாலோ விட முடியாமல் கத்தினாலோ அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். மலச்சிக்கல் என்று எண்ணி எண்ணெய் புகட்டிக் காத்திருந்தால் ஆடு பிழைக்காது. மேலே சொன்ன தவிட்டுக் கலவையில் நாளுக்குப் பத்து கிராம் தீவனத்துக்கான சுண்ணாம்புக்கல் தூள் சேர்ப்பதும், உப்புக் கட்டியைத் தொங்கவிட்டு ஆடு நிறையத் தண்ணீர் குடிக்கச் செய்வதும் இதற்கான காப்பு. சுண்ணாம்புக்கல் தூள் என்பதற்காக வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைப் போட்டுவிடாதீர்கள். அது வாயையும் குடலையும் வேகவைத்துவிடும். தழை மிகுதியாகத் தின்னும் கிடாய்க்கு இந்தத் தொல்லையெல்லாம் பெரும்பாலும் இல்லை, ஏனெனில் தழையில் கால்சியம் தாராளம்.

சோறு இன்னும் ஆபத்தானது. கோயில் அன்னதானத்திலோ கல்யாண வீட்டிலோ மிஞ்சிய சோற்றையும் பொங்கலையும் வீணாக்க மனமில்லாமல் ஆட்டின் முன் கொட்டுவது நம்மவரிடம் பரவலான வழக்கம். நாரைச் செரிக்கப் பழகிய பெருவயிற்றில் மாவுச்சத்து ஒரேயடியாக இறங்கும்போது, அமிலம் சுரக்கும் நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் பெருகி வயிற்றையே புளிக்கவைத்துவிடும். ஆடு அசைபோடுவதை நிறுத்தும், வயிறு உப்பும், கழிச்சல் காணும், தள்ளாடும், படுத்துவிடும். துள்ளுமாரி நோய்க்குக் காரணமான கிருமியும் இப்படிப்பட்ட நாட்களில்தான் குடலில் பெருகித் திடீர்ச் சாவை உண்டாக்குகிறது. நன்றாகக் கொழுத்த ஆடுதான் முதலில் விழும் என்பதால் கண்ணேறு பட்டது என்று சொல்லிவிடுகிறார்கள். ஒரு கைப்பிடி சோறு எதையும் செய்துவிடாது. ஒரு வாளி சோறு ஆட்டைக் கொல்லும். அதேபோல் கோயில் மாலைகளைக் கொட்டுமிடத்தில் ஆட்டை அவிழ்த்துவிடாதீர்கள்; அரளிப் பூவும் இலையும் மிகச் சிறிய அளவிலேயே இதயத்தை நிறுத்தக்கூடியவை. உண்ணிச் செடி, தளிர்விடும் இளஞ்சோளம், வாடாத மரவள்ளி இலை ஆகியவற்றையும் விலக்குங்கள். மரவள்ளி இலையை நன்றாக உலர்த்திய பின் அளவோடு போடலாம்.

எந்தத் தீவனத்திலிருந்து எந்தத் தீவனத்துக்கு மாறினாலும் ஏழு முதல் பத்து நாட்கள் எடுத்துக்கொண்டு, பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். நுண்ணுயிர்க் கூட்டம் மாறுவதற்கு அவ்வளவு நாள் பிடிக்கும். தண்ணீர், காய்ந்த தீவனம் தின்னும் 20 கிலோ ஆட்டுக்கு நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். சித்திரை வெயிலில் இன்னும் கூடும். கலங்கிய தண்ணீரையும் புழுக்கை விழுந்த தண்ணீரையும் ஆடு தொடாது, தாகத்தில் இருந்தாலும் தொடாது. தண்ணீர் குடிக்காத ஆடு தீவனத்தையும் குறைத்துக்கொள்ளும்.

கையால் பார்ப்பது

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் போடும் அளவு சரியா என்பதை ஆட்டின் உடல்தான் சொல்ல வேண்டும். கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. முடி அடர்ந்த ஆடு கொழுத்ததாகவும், மழையில் நனைந்த ஆடு மெலிந்ததாகவும் தோன்றும். கடைசி விலா எலும்புக்குப் பின்னால், இடுப்பெலும்புக்கு முன்னால் உள்ள இடுப்புப் பகுதியில் கட்டைவிரலை முதுகெலும்பின் மேலும், மற்ற விரல்களைப் பக்கவாட்டில் நீளும் எலும்பு முனைகளின் மேலும் வைத்து மெதுவாக அழுத்துங்கள். முனைகள் ஒவ்வொன்றும் கூர்மையாக விரலைக் குத்தி, அவற்றுக்கடியில் விரல் எளிதில் நுழைந்தால் ஆடு மெலிந்திருக்கிறது. முனைகள் உருண்டு மழுங்கியதாக இருந்து, சற்று அழுத்தினால்தான் தென்படுமானால் சரியான நிலை. எவ்வளவு அழுத்தியும் எலும்பே தென்படவில்லை என்றால் கொழுத்துவிட்டது. ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடும் முறையில் சினையற்ற ஆட்டுக்கு இரண்டரையிலிருந்து மூன்று வரை போதுமானது. பிறகு முன்னங்கால்களுக்கு இடையே நெஞ்செலும்பின் மேல் கைவைத்து, அங்கே படிந்துள்ள கொழுப்புத் திட்டைப் பிடித்துப் பாருங்கள். இடுப்பைவிட இது கொழுப்பைத் தெளிவாகக் காட்டும். ஏனெனில் ஆடு செம்மறியைப் போல முதுகில் கொழுப்புச் சேர்ப்பதில்லை, முதலில் குடலைச் சுற்றிச் சேர்க்கிறது. முதுகு சாதாரணமாகத் தெரியும்போதே உள்ளே கொழுப்பு நிறைந்திருக்கலாம். அப்படிப்பட்ட பெட்டை பின்னர் இரட்டைக் குட்டி சுமக்கும்போது உட்கொழுப்பும் கருப்பையும் சேர்ந்து பெருவயிற்றை நெருக்கும். போதிய தீவனம் தின்ன முடியாமல் சினைக்கால நோய்க்கு ஆளாகும்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை இப்படிக் கைவைத்துப் பார்த்து, நாடாவால் எடையும் கணக்கிட்டுக் குறித்துவைத்தால், தீவனத்தில் பத்தில் ஒரு பங்கு கூட்டுவதா குறைப்பதா என்பது தானே விளங்கும். ஒரேயடியாகப் பாதியாகக் குறைக்காதீர்கள். பல ஆடுகள் சேர்ந்து தின்னும் கொட்டிலில் ஒன்றுமட்டும் இளைத்தால், அளவை மாற்றுவதற்கு முன் அது தீவனத் தொட்டியை நெருங்க முடிகிறதா என்று பாருங்கள். கொம்புள்ள மூத்த பெட்டை ஒன்று, மற்ற இரண்டின் பங்கையும் தானே தின்றுவிடுவது அபூர்வமல்ல. புழுக்கையையும் கவனிக்கலாம்: தனித்தனி உருண்டையாக, பளபளப்பாக விழுந்தால் நாரும் நீரும் சரியாக இருக்கின்றன, ஒட்டிக் கட்டியாகவோ கூழாகவோ விழுந்தால் இளம்புல்லோ தவிடோ கூடிவிட்டது, அல்லது புழு இருக்கிறது.

பெட்டையை மீண்டும் கிடாயிடம் விட முடிவு செய்ததும் இந்தக் கணக்கு மாறத் தொடங்குகிறது. உடல் மதிப்பெண் இரண்டரைக்குக் கீழே உள்ள பெட்டைக்கு, சேர்ப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே நாளுக்கு 100 முதல் 150 கிராம் அடர் தீவனமோ அதற்கு ஈடான நல்ல தழையோ கூட்டிக் கொடுத்தால் சினைப்பிடிப்பும் இரட்டைக் குட்டி வாய்ப்பும் கூடும். ஏற்கெனவே கொழுத்திருப்பதற்கு அதனால் பயனில்லை. சினைக்காலம் சுமார் 150 நாட்கள். அதில் முதல் மூன்று மாதம் கரு மிகச் சிறியதாக இருப்பதால் இங்கே சொன்ன பராமரிப்புத் தீவனத்தையே தொடரலாம். கடைசி ஆறு வாரத்தில்தான் தேவை வேகமாக ஏறும்.